வீடியோவில் இல்லாதவள்

கம்ப்யூட்டர் சொல்வதை நான் நம்புவதில்லை. வீடியோவை வெட்டி ஒட்டி, மெனு வைத்து, பட்டன் வைத்து முடித்ததும், எல்லாம் தயார், பர்ன் பண்ணலாம் என்று திரையில் ஒரு பெட்டி வரும். ஆரம்பத்தில் அதை நம்பி நான் பர்ன் பண்ணிய டிவிடிகள் காப்பி டம்ளருக்கு அடியில் வைக்கத்தான் பயன்பட்டன. ஒன்றில் தாலி கட்டும் பட்டனை அழுத்தினால் பந்தி ஓடியது. இன்னொன்றில் காதுகுத்து முடிந்தும் மெனுவுக்குத் திரும்ப வழியில்லாமல், குழந்தை திறந்த வாயோடு அழுதபடி உறைந்து நின்றது. ஒருமுறை எழுதிவிட்டால் அழிக்க முடியாத தட்டு அது. தப்பு இருந்தால் தப்போடுதான் இருக்கும்.

அதனால் ஒரு பழக்கம் வந்தது. பர்ன் பண்ணுவதற்கு முன் பிரிவியூவில் போட்டு, திரையில் தெரியும் ரிமோட்டின் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்ப்பேன். மேலே, கீழே, உள்ளே போ, திரும்பி வா. ஒரு பகுதி முடிகிற இடம்வரை விட்டு, அடுத்து எங்கே போகிறது என்று கவனிப்பேன். சரியாக ஓடினாலும் மறுபடி ஓட்டுவேன். "போலீஸ்காரன் கூட உன்ன மாதிரி சந்தேகப்பட மாட்டான்" என்பார் என் கணவர். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு அருகே அவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அங்கே தினமும் வந்துபோன ஒரு வெளிநாட்டுப் பெண்மணி ஊருக்குத் திரும்பும்போது தன் ஹேண்டிகேமை எங்களுக்கு விற்றுவிட்டுப் போனார். சின்ன டேப் போட்டுப் படம் எடுக்கிற கேமரா. நான் அதைக் கற்றுக்கொண்டேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் எடிட்டிங்கும் கற்றுக்கொண்டேன். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு நான்தான் வீடியோ என்று ஆனது.

என் அண்ணன் வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் செய்தபோதும் நான்தான் எடுத்தேன். விடியற்காலையில் பசுமாடு டைல்ஸ் தரையில் வழுக்கி, வாசற்படி தாண்ட மறுத்ததிலிருந்து, சாயந்திரம் சமையல்காரர்கள் அண்டாவை வேனில் ஏற்றியதுவரை எடுத்தேன். களைத்துப்போய் வீடு திரும்பி, கேமராவைப் பையிலிருந்துகூட எடுக்காமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணன் போன் செய்தான்.

"உங்க அண்ணி செயினக் காணோம்."

"எந்தச் செயின்?"

"அவங்க அம்மா போட்டது. மதியம் பந்தியில பரிமாறும்போது கொழந்த புடிச்சு இழுக்குதுனு கழட்டி உள் ரூம் ஷெல்ஃப்ல வெச்சாளாம். அப்புறம் மறந்துட்டா. ராத்திரி பாத்தா இல்ல. வீடு பூரா தேடியாச்சு."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவன் அதைக் கேட்கவில்லை.

"நீ எல்லாத்தையும் எடுத்திருக்க இல்ல? அந்த ரூமுக்கு யார் யார் போனாங்கனு தெரியுமா அதுல?"

"தெரியலாம். டேப்ப ஏத்திப் பாக்கணும்."

"பாரு. டிவிடி போடறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டு. வேற யாருகிட்டயும் சொல்லாத."

அடுத்த சில நாட்கள் மதியங்களில் உட்கார்ந்து அந்த வீடியோவைத் தயார் செய்தேன். கோ பூஜை, ஹோமம், பால் காய்ச்சியது, டிபன், பந்தி என்று பிரித்தேன். சொந்தக்காரர்கள் முகம் தெரிகிற துண்டுகளையெல்லாம் சேர்த்து "வந்தவர்கள்" என்று கடைசியில் ஒரு பகுதி வைத்தேன். விசேஷ வீடியோவில் எல்லோரும் முதலில் தேடுவது தங்கள் முகத்தைத்தான். அதற்காக எப்போதும் நான் செய்வது இது. ஆனால் இந்த முறை வேலை செய்யச் செய்ய எனக்குள் வேறொன்று நடந்தது. யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தேன். ஒரு சித்தி புடவை முந்தானையை இழுத்துச் செருகினாள், எதற்கு? அண்ணியின் தம்பி பேண்ட் பாக்கெட்டில் கை விட்டபடியே நின்றான், அதில் என்ன? சமையல்காரர் ஒருவர் உள் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். தண்ணீர் கேட்கத்தான் வந்திருப்பார், ஆனாலும் அந்தத் துண்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒருவர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அண்ணன் வந்தான். காப்பியைக்கூடத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். பிரிவியூவைப் போட்டு ஒவ்வொரு பட்டனாக அழுத்தினேன். பந்தி ஓடியது. அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தாள், கழுத்தில் தாலிச்சரடு மட்டும். பந்தி முடிந்து "வந்தவர்கள்" ஆரம்பித்தது. இரண்டு மூன்று முகங்கள் போனதும் அத்தை வந்தாள்.

எங்கள் அப்பாவின் கூடப்பிறந்தவள். புருஷன் இல்லை. அடி அண்ணாமலையில் மகள் வீட்டோடு இருக்கிறாள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்குச் சுக்குக் காப்பி விற்பாள். திரையில் அவள் உள் அறையிலிருந்து வெளியே வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். கையில் இருந்த எதையோ இடுப்பில் வேகமாகச் செருகிக்கொண்டாள்.

"நிறுத்து, நிறுத்து" என்றான் அண்ணன்.

நிறுத்தினேன்.

"திருப்பிப் போடு."

போட்டேன். அத்தை மறுபடி வந்தாள், பார்த்தாள், செருகினாள். அவன் மூன்றாவது தடவையும் போடச் சொன்னான். நான் அந்தத் துண்டை முன்பே பார்த்திருந்தேன். எல்லாரையும் சந்தேகப்பட்ட எனக்கு, அத்தை என்பதால் அதைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

"பந்தி முடிஞ்சு தானே இது?" என்றான்.

"ஆமா... பந்திக்கு அப்புறம்தான் வருது."

"போதும்." எழுந்துவிட்டான். "நாளைக்குக் காலையில அடி அண்ணாமலைக்குப் போறேன். சத்தம் போட மாட்டேன். குடுத்துடுங்கனு மட்டும் கேப்பேன்."

"அண்ணா, அத்தை அப்படி..."

"கண்ணால பாத்தாச்சு. இதுக்கு மேல என்ன?"

அவன் பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு பிரிவியூவை மூடாமல், பழக்கதோஷத்தால், அந்தப் பகுதி முடிந்து மெனுவுக்குத் திரும்புகிறதா என்று பார்க்க ஓடவிட்டேன். அத்தை மறுபடி வெளியே வந்தாள். இந்த முறை நான் அவள் கையைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன்.

அவள் காலடியில் வெயில் விழுந்திருந்தது.

அண்ணன் வீடு கிழக்குப் பார்த்த வாசல். தலைவாசல் வழியாக வெயில் நீளமாக உள்ளே வந்து, உள் அறைக் கதவைத் தொட்டால் அது காலை நேரம். பந்திக்கு முன்பே வெயில் வாசற்படியை விட்டு இறங்கியிருக்க வேண்டும். பந்தித் துண்டுகளைப் போட்டுப் பார்த்தேன். கூடத்துத் தரையில் வெயிலே இல்லை.

பீரோவிலிருந்து டேப்பை எடுத்துக் கேமராவில் போட்டேன். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் தெரியாமல் போகிற ஒன்று கேமராவில் தெரியும். எடுத்த நேரம் மூலையில் ஓடும். அத்தை வெளியே வந்தது பால் காய்ச்சுவதற்கும் முன்னால். ஹோமம் நடக்கும்போது தான் எதிரில் வரக்கூடாது என்று அவளாகவே உள் அறையில் போய் உட்கார்ந்திருந்தாள். ஹோமம் முடிந்ததும் வெளியே வந்திருக்கிறாள். முகங்களை ஒன்றாகச் சேர்க்கும்போது அந்தத் துண்டு பந்திக்குப் பின்னால் போய்விட்டது.

டேப்பை மேலும் ஓட்டினேன். அன்று பௌர்ணமி. சாயந்திரம் கடை போட வேண்டுமே என்று அத்தை டிபன் சாப்பிட்ட கையோடு கிளம்பியிருக்கிறாள். கேமரா ஆடிவிட்டது என்று நான் சேர்க்காமல் விட்ட துண்டு அது. வாசலில் அண்ணி அவளுக்குத் தாம்பூலப் பையைக் கொடுக்கிறாள். அண்ணியின் கழுத்தில், பட்டுப் புடவைக்கு மேல், அந்தச் செயின் கிடக்கிறது. அத்தை தெருவில் இறங்கி நடக்கிறாள். அன்று வந்த அத்தனை பேருக்கும் பை கொடுத்த அண்ணிக்கு, யார் எப்போது போனார்கள் என்று எப்படி நினைவிருக்கும்?

உடனே அண்ணனுக்குப் போன் செய்து, "நாளைக்கு எங்கயும் போகாத, இப்பவே வா" என்றேன். வந்தான். கூடவே அண்ணியும் வந்தாள். கேமராவின் சின்னத் திரையில் இருவருக்கும் காட்டினேன். நேரத்தைக் காட்டினேன், வெயிலைக் காட்டினேன், செயினைக் காட்டினேன். அண்ணி கழுத்தில் கை வைத்துக்கொண்டு, "ஆமா, இருக்குதே" என்றாள். அண்ணன் முகம் இளகும் என்று எதிர்பார்த்தேன். இளகவில்லை.

"அப்ப பந்திக்கு அப்புறம் யாரு இருந்தது வீட்டுல?"

"நாமதான்" என்றாள் அண்ணி. "எங்க தம்பி, சித்தி, சமையல்காரங்க. அவ்ளோதான்."

"எல்லாத்தையும் போடு" என்றான். போட்டேன். அண்ணியின் தம்பி வாசலில் வேனோடு நின்றான். சித்தி திண்டில் சாய்ந்து தூங்கினாள். சமையல்காரர்கள் கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவினார்கள். ஒருவரும் அந்த அறைக்குள் போகவில்லை. டேப் முடிந்து திரை நீலமானது. அண்ணன் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"எல்லாரும் இருக்காங்க இதுல. நீ மட்டும்தான் இல்ல."

முதலில் எனக்குப் புரியவில்லை. "கேமராவ நான்தானே புடிச்சிருந்தேன்?" என்றேன்.

"அதத்தான் சொல்றேன். நீ எங்க இருந்தனு யாருக்குத் தெரியும்?"

அண்ணி, "என்னங்க இது, வாங்க" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் அப்படி இல்லை என்று அவளும் சொல்லவில்லை. இருவரும் போய்விட்டார்கள். அவர்கள் போனதும் நான் செய்த காரியம் எனக்கே விசித்திரம். கேமரா பையை எடுத்து வந்து, சார்ஜர், வயர், காலி டேப்புகள் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி, பையின் ஒவ்வொரு அறையாக விரல் விட்டுத் துழாவினேன். உள் அறை ஷெல்ஃப் பக்கத்துப் பிளக்கில்தான் அன்று பேட்டரியை சார்ஜ் போட்டிருந்தேன். அவசரத்தில் வயரோடு செயினையும் அள்ளிப் போட்டிருந்தால்? பையில் ஒன்றும் இல்லை. இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வரவில்லை. என்னையே நான் சோதனை போட்டுவிட்டேனே என்று அழுகை வந்தது.

வாரங்கள் போயின. டிவிடி பர்ன் ஆகாமல் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. அண்ணன் பேசவில்லை. அண்ணி கோயிலில் பார்த்தபோது குழந்தைக்குச் சளி, அது இது என்று பேசினாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. நானும் அவளைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். அவளே எங்கேயாவது கொடுத்துவிட்டு, காணோம் என்கிறாளோ? கணவரிடம் சொன்னபோது, "இப்படியே போனா அடுத்தது என்னையும் கேப்ப" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் அன்று அவரும் மதியம் பந்திக்கு வந்து போனார் என்பது அந்த நிமிஷம் எனக்கு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் முற்பகலில் அத்தை வந்து நின்றாள். பஸ்ஸில் வந்திருந்தாள். கையில் ஒரு பையில் சப்போட்டா.

"இன்னாம்மா, எத்தினி நாளு ஆச்சு? தட்டு போட்டுத் தரேன்னியே? மாப்ள டிவிடி பொட்டி வாங்கியாந்து வெச்சிருக்காரு."

"இன்னும் முடியல அத்தை. கொஞ்சம் வேல பாக்கி."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"வேலயா? இல்ல, என்னை அதுல இருந்து வெட்டிட்டியா?"

"என்ன அத்தை சொல்றீங்க?"

"நல்ல காரியத்துல நான் எதுக்குனு உங்க அண்ணி சொல்லியிருப்பா. அன்னிக்கே எனக்குச் சந்தேகம்தான். அதான் நானே உள்ள போயி குந்திக்கினேன். தட்டுலயாவது இருக்கேனா, இல்லியா? மறைக்காம சொல்லு."

அவளுக்கு எதுவும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் பேரில் விழுந்த சந்தேகம் ஒன்று. அவள் எங்கள் பேரில் சுமந்துகொண்டிருந்த சந்தேகம் வேறொன்று. வாயால் சொன்னால் நம்ப மாட்டாள். கம்ப்யூட்டரைப் போட்டு, அவளை நாற்காலியில் உட்கார வைத்து, பிரிவியூவை ஓட்டினேன். ஒவ்வொரு பட்டனாக அழுத்திக் காட்டினேன். டிபன் பந்தியில் இட்லிக்குச் சாம்பார் ஊற்றிக்கொள்ளும் அத்தை. குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் அத்தை. முறைத்துக்கொண்டிருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. "எங்கண்ணன் மூக்கு அப்படியே உங்க அண்ணனுக்கு" என்றாள். வாசலில் தாம்பூலப் பை வாங்கும் துண்டையும், ஆடினால் ஆடட்டும் என்று, நான் சேர்த்திருந்தேன்.

உள் அறையிலிருந்து வெளியே வருகிற இடம் வந்தது. சட்டென்று அத்தை திரையைக் கையால் மறைத்தாள்.

"ஐயய்யோ, இத எதுக்குப் புடிச்ச?"

நான் அவள் கையை விலக்கினேன். "என்ன அத்தை அது? இடுப்புல என்ன சொருவுறீங்க?"

அவள் கதவைப் பார்த்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தும் குரலை இறக்கினாள்.

"பொடி டப்பா. வுட்டுட்டேன்னு பொண்ணு தலமேல சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். மாப்ள பாத்தாரு, மானம் போச்சு. இத மட்டும் எடுத்துடுமா. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

இடுப்பிலிருந்து அந்த டப்பாவை எடுத்தே காட்டினாள். மூடி நசுங்கிய சின்ன டப்பா. மூக்குப்பொடி வாசனையில் எனக்குத் தும்மல் வந்தது. தும்மலோடு சிரிப்பும், சிரிப்போடு கண்ணீரும் வந்ததை அவள் பொடியால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கேட்டபடி அந்தத் துண்டை நீக்கினேன். மறுபடி எல்லாப் பட்டனையும் சோதித்தேன். கரண்ட் போகக்கூடாதே என்ற பயத்தோடு இரண்டு தட்டு பர்ன் பண்ணினேன். ஒன்றை அத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள். இன்னொன்றைக் கணவர் வேங்கிக்காலில் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வழியாக முடிந்தது என்று நினைத்தேன்.

அண்ணன் போன் செய்தான். அத்தனை வாரம் கழித்து முதல் போன்.

"அத்தை ரூம்ல இருந்து வர்ற எடம் எங்க?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"அவங்க எடுக்கச் சொன்னாங்க."

நான் பொடி டப்பாவைப் பற்றிச் சொன்னேன். எனக்கே அது கட்டுக்கதை போலக் கேட்டது. சொல்லச் சொல்ல என் குரல் பொய் சொல்கிறவள் குரல் மாதிரி ஆனது.

"ஓ" என்றான். "அவங்க சொன்னாங்க, நீ எடுத்துட்ட. சரி." போனை வைத்துவிட்டான். திருப்பிக் கூப்பிட்டு, டேப் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப்போய் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார் என்று கத்த நினைத்தேன். கூப்பிடவில்லை. டேப்பைக் காட்டினால் மட்டும் நம்பவா போகிறான்? நேரத்தை மாற்றிவிட்டேன் என்பான்.

பொங்கலுக்கு முன்னால் அண்ணி வந்தாள், தனியாக. கழுத்தில் செயின் இருந்தது. அதை நான் பார்த்துவிட்டதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

அண்ணன் ஆபீசில் யாரோ வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறார்கள். தங்களுக்கு வந்து பரணில் கிடந்த பரிசுகளில் ஒன்றை அங்கே கொடுத்துவிடலாம் என்று, பயன்படுத்தாத பால் குக்கர் பெட்டி ஒன்றை இறக்கியிருக்கிறாள். உள்ளே கொடுத்தவர் பேர் எழுதிய சீட்டு ஏதாவது இருக்கப்போகிறது என்று பெட்டியைத் திறந்து பார்த்தால், அடியில் செயின். அன்று பரிசுகளை அந்த ஷெல்ஃபின் கீழேதான் அடுக்கியிருந்தார்களாம். பெட்டியின் மூடி ஒரு பக்கம் வாய் பிளந்திருந்ததாம்.

"அந்தச் சீட்டு ஞாபகம் வரலன்னா, செயினோட சேத்துக் குடுத்துட்டு வந்திருப்பேன்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "உங்க அண்ணன் ரெண்டு நாளா சரியா சாப்புடல. வர்றதுக்கு ஒரு மாதிரியா இருக்குது அவருக்கு."

"உங்களுக்கு ஒரு மாதிரியா இல்லியா அண்ணி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும்தான்."

நான் அந்தச் செயினையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய செயின்தானா, புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு கதை சொல்கிறாளா என்று மனசு கேட்டது. டேப்பைப் போட்டு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அந்த எண்ணம் வந்ததும் எழுந்து போய் அவளுக்குக் காப்பி போட்டேன். ஒப்பிடவில்லை. இன்றுவரை இல்லை.

அண்ணன் பொங்கலன்று வந்தான். கரும்பை வாசலில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே, "மனசுல வெச்சுக்காத" என்றான். "சரி" என்றேன். மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். பழையபடி ஆவதற்கு எங்களுக்கு ஒன்றிரண்டு வருஷம் பிடித்தது.

அத்தையிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. தட்டைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு குறை. மாப்பிள்ளையின் செல்போனிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்: "நல்லாதான் பண்ணியிருக்க. ஆனா பாட்டு சத்தம் ஜாஸ்தி வெச்சுட்ட. நாங்க பேசறது ஒண்ணுமே கேக்கல."